கானாவிலிருந்து வந்தவர்

“ஆப்பிரிக்காவுல இருக்க கானாவுக்காக மாசாமாசம் ஜெபம் பண்ணுதோம் அண்ணாச்சி. போன வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு ஒரு கானாக்காரன் வந்தான். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்.”

எழுபதுகளில் ஒரு மதியம். ஷார்ஜா ரோலாவில், துபாய் டாக்சியில் ஆள் நிரம்பக் காத்திருந்தோம். முன் இருக்கையில் நெல்லைக்காரர்கள் இருவர். பேசியவர் அங்குள்ள தமிழ்ச் சபையின் செயலாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஏம்வே அனுப்பினீரு?”

“சொந்தச் சபைக் கடிதம் கேட்டேன். கப்பல்ல வேலை பாக்கவன், கடிதத்துக்கு எங்க போவான்? ஒரு போட்டோவை நீட்டினான். நான் பாக்கல.”

“கோவில் நடத்துதீரா, பாஸ்போர்ட் ஆபீஸ் நடத்துதீரா?”

கடிதம், உறுப்பினராகச் சேர்பவரிடம் கேட்பது. கும்பிட வருபவரிடம் கேட்க எந்தச் சபையிலும் விதி இல்லை. விதியைப் படிக்காதவர்கள்தான் அதை இப்படிக் கட்டிக் காக்கிறார்கள்.

“போட்டோவை வாட்ச்மேன்ட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். நம்ம ஊர் கோவில்ல மாட்டியிருக்க அதே மிஷனரி துரை! கானாவுல ஊழியம் பண்ணிட்டுத்தானே அவரு நம்ம ஊருக்கு வந்தாரு? அவங்க கோவிலையும் அவர்தான் கட்டினாராம். பின்னால எழுதியிருக்கு.”

“துறைமுகத்துக்குப் போய்ப் பாத்தீரா?”

“போனேன். கப்பல் போயிட்டு.”



“பாஸ்டரய்யாட்ட சொன்னீரா?”

“சொன்னேன். அடுத்த ஆராதனையில அவன் பேரைச் சொல்லி ஜெபிப்போம்னாரு.”

“நல்லதுதானவே.”

“பேரு கேக்கலியே அண்ணாச்சி.”