ஒரு கை குடுங்க டீச்சர்

— செருப்பை எங்கன போடணும்னு கேட்டா, சவம், ஒருத்தியும் காதுல வாங்க மாட்டேங்கா. எல்லாவளும் காதுக்குள்ள என்னத்தையோ மாட்டிக்கிட்டுத் திரியுதாளுவ. நீங்களாவது சொல்லுங்க தாயி.

— செருப்பைக் கழட்ட வேண்டாம்க்கா... மதலப், அதாவது கழட்டணும், ஆனா ஷூ போட்டுக்கிட்டுத்தான் உள்ள போகணும். இது கோயில் இல்லக்கா, ஜிம்.

— தெரியுது. மாடிப்படி ஏறும்போதே இரும்புச் சத்தம் கேட்டுச்சு. மூணு தடவ பாதிப் படியில திரும்பி எறங்கிட்டேன். கீழ ஃபர்சான் பலகாரக் கடைக்காரன் என்னையவே பாக்கான், இவ என்னத்துக்கு மேலயும் கீழயுமா அலையுதான்னு. நாலாந்தடவ கண்ணை மூடிட்டு ஏறி வந்தா, நீங்க கால் மேல காலு போட்டு ஜம்முனு உக்காந்திருக்கிய. பாத்ததும்தான் உயிரு வந்துச்சு. நீங்கதான இங்க டீச்சர்?

— நானா? என் பேரு நூர் நிஷா.

— நான் பேராச்சி. தாராவியில இட்லி யாவாரம். காலையில அவிச்சு, அண்டாவைத் தலையில வச்சுக்கிட்டு இந்த மாட்டுங்கா பூரா சுத்துவேன்.

— தாராவியிலயே நாலு ஜிம் இருக்கே, ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?

— அங்கன எல்லாம் தெரிஞ்ச மொகம். நாளைக்குத் தெருவுல நின்னு சிரிப்பாளுவ. இங்க இட்லி வாங்குத மாமியளா ஜிம்முக்கு வரப் போறாவ? நீங்களும் தாராவிதானா டீச்சர்?

— ம்... நைன்ட்டி ஃபீட் ரோட்ல. பை தைக்கிற பட்டறை எங்களது. நான் ஜிப் வைப்பேன். என்னைய டீச்சர்னு சொல்லாதீங்கக்கா.

— சரி டீச்சர்.

— அரே, அக்கா!

— கையில உறை, கழுத்துல துண்டு, பாட்டில்ல ரோஸ் கலர்ல ஏதோ சத்துத் தண்ணி. வேற யாரு இப்படி இருப்பா?

— அது ரோஜா சர்பத்துக்கா.

— என்னத்தையோ. எந்திரிங்க, என்னைய உள்ள கூட்டிட்டுப் போங்க.

— ட்ரைனர் வருவாங்க, அதீபான்னு பேரு. காட்கோபர்ல இருந்து வரணும். ட்ரெயின் குர்லாவுலயே நிக்குதுன்னு மெசேஜ் போட்டிருக்காங்க. இந்த ட்ரெஸ் மாத்துற ரூம்லயே உக்காருங்க, அவங்க வரட்டும்.

— உக்காந்தேன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு என்னையப் பத்தித் தெரியும்.

— இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரலாம்ல? அப்படி என்ன அவசரம்?

— கோகுலாஷ்டமிக்கு ஆளு மேல ஆளு ஏறி, உச்சியில கட்டின தயிர்ப் பானையை உடைப்பாவளே, அதுக்கு எங்க தெருவுல இந்த வருசம் பொம்பளையளே ஒரு கூட்டம் சேந்திருக்கோம். பானையை உடைக்க உச்சியில ஏறப் போறது யாருங்கிய? என் மக மாரீஸ்வரி. பதினாறு வயசு. ஒடம்புல எலும்பும் வாயும்தான் உண்டு.

— மாஷா அல்லா! அவளுக்குப் பயமே இல்லையா?

— அவளுக்கு எங்க? அவளுக்கும் சேத்து நான்தான் பயந்துட்டுக் கெடக்கேன். ஏறாதட்டின்னு சொன்னேன், கேக்கல. ரெண்டு நாள் சோறு திங்கல, சவம். சரி, நீ மேல ஏறு, ஆனா கீழ் வரிசையில நான் நிப்பேன்னுட்டேன். விழுந்தா எம்மேல விழட்டும். எம்பிள்ளைய இன்னொருத்தி தோள்ல ஏத்திவிட்டுட்டு நான் நடைபாதையில நின்னு கை தட்டணுமா?

— சரியாத்தான சொல்லியிருக்கீங்க.

— சொன்னேன். எங்க கூட்டத்துக்குத் தலைவி சொர்ணம்மாள்னு ஒருத்தி. கீழ நிக்கிறவளுக்குக் கால்லயும் முதுகுலயும் வலு வேணும், ரெண்டு மாசம் ஜிம்முக்குப் போறவளுக்குத்தான் எடம்ங்கா. மத்தவளுவ எல்லாம் ஜிம்முல சேந்து, கம்பியும் கையுமா போட்டோ அனுப்பிட்டாளுவ. நான் மட்டுந்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு இருந்தேன். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் கம்பியத் தூக்கி நிக்கிற போட்டோ வரலன்னா என் எடம் வேற ஒருத்திக்கு. மணி இப்ப என்ன?

— நாலு இருபது.

— பாத்தியளா? எந்திரிங்க டீச்சர்.

— பாப் ரே... ஷூ கொண்டாந்தீங்களா?

— மகளோட பள்ளிக்கூடத்து ஷூ. அவ காலும் என் காலும் ஒரே அளவு. இந்தத் தொளதொள பேண்ட்டும் அவளுதுதான். கண்ணாடியில பாத்தா எனக்கே சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. உள்ள இருக்கவளுவ என்ன சொல்லப் போறாளுவளோ.

— யாரும் உங்களப் பாக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் கண்ணாடியில அவங்கவங்களத்தான் பாப்பாங்களாம். எல்லா வீடியோலயும் அப்படித்தான் சொல்றாங்க.

— வீடியோலயா?

— மதலப், நான் நிறைய வீடியோ பாப்பேன். முதுகு வளையக் கூடாது, கம்பி காலை ஒட்டியே வரணும், மூச்சை வயித்துல நிறுத்தணும். எல்லாம் மனப்பாடமா இருக்கு.

— அப்படிப் போடுங்க! நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வாரேன்.

— முன்னாலயா? நானா?

— பின்ன? எனக்கு வழி தெரியாதுல்லா.

— வழி என்னக்கா வழி, அதோ அந்தக் கதவுதான்.

— கதவு தெரியுது. காலுதான் நகர மாட்டேங்கு.

— எனக்கும் சில நாள்... சரி, வாங்க. கையைப் புடிச்சுக்கோங்க. பிஸ்மில்லா.

— ஒங்க கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— ஏசி... ஏசிக்கா.

— ஏயப்பா! சலூன் கடை மாதிரி நாலு பக்கமும் கண்ணாடி! ஒரு பேராச்சியப் பாக்கவே நான் பயந்தேன், இங்க நாலு பேராச்சில்லா நிக்குதா! அந்தா ஓடுதாவளே அந்த மாமி, எங்க போறாவ?

— எங்கயும் போகல. அது ட்ரெட்மில். நின்ன எடத்துலயே ஓடலாம். அடுத்த தெருவுல இருந்து கார்ல வந்து ஓடுறாங்க.

— காரை வீட்டுல விட்டுட்டு ஓடியே வந்திருக்கலாம்லா. எம்மாடி, என்னையப் பாத்துக் கையைக் காட்டுதாவளே... அட, நம்மகிட்ட இட்லி வாங்குத மாமி! ஆமா மாமி, நானேதான்! நாளைக்கு வெங்காயச் சட்னி உண்டு, ஓடுங்க ஓடுங்க! போச்சு. தெரிஞ்ச மொகம் இல்லாத எடம்னு இவ்வளவு தூரம் வந்தேன் பாருங்க.

— சிரிக்க வைக்காதீங்கக்கா. இதோ கம்பி. யாரோ வெயிட் தட்டைக் கழட்டாமலே போயிருக்காங்க. இந்தக் கிளிப்பை அமுக்கினா வந்துடும்... வருதே... இல்ல, வரல. எப்படிக் கழட்டுறதுன்னு தெரியலயே.

— கெடக்கட்டும். எம்புட்டு இருக்கும்?

— கம்பி இருபது, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு. முப்பது கிலோ.

— என் இட்லி அண்டா கணக்குத்தான், சட்னி வாளியோட. இருங்க, தொட்டுக் கும்பிட்டுக்கிடுதேன்.

— கம்பியையா?

— அண்டாவையும் கும்பிட்டுட்டுத்தான் தூக்குவேன். இந்தப் பஞ்சு உருளை என்னத்துக்கு?

— தோள்ல கம்பி வைக்கிறப்ப உறுத்தாம இருக்க.

— நம்ம சும்மாடுல்லா இது! குடுங்க, தலையில வச்சுக்கிடுதேன்.

— அரே, நஹீ நஹீ! தலையில இல்லக்கா! எடுங்க, எல்லாரும் பாக்குறாங்க!

— யாரும் பாக்க மாட்டாவன்னிய?

— இப்ப பாக்குறாங்க! சரி, குனிங்க. முட்டியை மடக்கி, நெஞ்சை நிமித்தி... அப்படியே எந்திரிங்க. தூக்குங்க. ஏன்க்கா நின்னுட்டீங்க?

— வர மாட்டேங்கு டீச்சர்.

— தினமும் முப்பது கிலோ சுமக்கிறீங்க!

— சுமப்பேன். தலையில ஏறிட்டா செம்பூர் வரைக்கும் கூட நடந்துருவேன். ஆனா தரையில இருந்து ஏத்திவிட எப்பவும் இன்னொருத்தி கை உண்டு. வீட்டுல மக புடிப்பா. ரோட்டுல யாராச்சும் போவாவ, ஒரு கை குடுங்கம்பேன், குடுப்பாவ. பாஷை தெரியாதவ கூட வந்து புடிப்பா. இருபத்திரெண்டு வருசத்துல ஒத்தையா ஒரு நாளும் தூக்கினதில்ல. குனிஞ்சாலே கண்ணு அடுத்த ஆளைத் தேடுது. நீங்க ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க, பாத்துக்கிடுதேன்.

— இன்னைக்கு எனக்கு... ரெஸ்ட் டேக்கா.

— ரெஸ்டுன்னா ஏன் வந்திய?

— சர்பத் குடிக்க.

— சரி, அப்ப ஒரு கை மட்டும் குடுங்க டீச்சர். எதுத்தாப்புல நின்னு புடிங்க. ரெஸ்ட் எடுக்கிற கையாலயே புடிங்க.

— ஐயோ... சரி. புடிச்சுட்டேன். முதுகு நேரா! மூச்சை இழுங்க! ஏக், தோ...

— லாபம்!

— ஏறிடுச்சு! அக்கா, ஏறிடுச்சு! ஆனா ஒண்ணுன்னு எண்ணாம லாபம்னு ஏன் கத்துனீங்க?

— யாவாரத்துல முதல் இட்லிய லாபம்னுதான் எண்ணுவோம். பைய எறக்குங்க. ம்... ரெண்டு! மூணு! இப்ப கையை எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க.

— எடுக்கட்டுமா? நிஜமாவா?

— எடுங்க தாயி. ஆனா ரொம்பத் தள்ளிப் போயிராதிய. கண்ணுக்கு முன்னால நில்லுங்க. மாரீஸ்வரி... ஏட்டி... லாபம்!

— தூக்கிட்டீங்க! அப்படியே நில்லுங்க, போட்டோ! சிரிங்க! பஸ், போதும், எடுத்தாச்சு! சொர்ணம்மாள் நம்பர் சொல்லுங்க... போயிடுச்சு! மணி நாலு ஐம்பத்தி ஒண்ணு!

— போயிட்டா? பாத்துட்டாளா? என்ன எழுதியிருக்கா?

— கட்டைவிரல் அனுப்பிருக்காங்க. 'பேராச்சி கீழ் வரிசை, நடு இடம்'னு போட்டிருக்காங்க.

— நடு எடமா! எம்மா, எம்பிள்ளைக்கு நேர் கீழ நான்! இங்க வாங்க டீச்சர், ஒங்களைக் கட்டிப் புடிக்கணும். வேர்வை நாத்தம் அடிச்சா பொறுத்துக்கிடுங்க. அழுகை வேற வருது, சவம்.

— எனக்கும் வருதுக்கா.

— சரி, கண்ணைத் தொடைங்க. இப்ப நீங்க தூக்குங்க.

— நானா? ரெஸ்ட் டே...

— ரெஸ்ட் எல்லாம் எடுத்தது போதும். நான் ஒரு கை தாரேன். புடிங்க. முதுகு நேரா, மூச்சு வயித்துல. நீங்க சொன்னதுதான எல்லாம்? லாபம்! ரெண்டு! இந்தா, கையை எடுத்துட்டேன். ம்!

— அல்லாவே... அல்லாவே! தூக்கிட்டேன்! அக்கா, நான் தூக்கிட்டேன்! எனக்கும் ஒரு போட்டோ, சீக்கிரம்!

— அரே வாஹ், நூர் நிஷா! சாரி, ட்ரெயின் ரொம்ப லேட். குர்லாலயே ஒரு மணி நேரம். ஆனா இது என்ன அதிசயம்?

— அதீபா மேடம்...

— நீங்கதான் அதீபாவா? நான் பேராச்சி, இன்னைக்குத்தான் சேரணும். எங்க நூர் நிஷா டீச்சர் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாவ.

— டீச்சரா? இவங்களா? பத்தொன்பது நாளா வராங்க, அந்த ட்ரெஸ் மாத்துற ரூமைத் தாண்டி ஒரு நாள் கூட வெளிய வந்ததில்லையே! நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சே போயிட்டேன்.

— அக்கா, மாஃப் பண்ணிடுங்க, மன்னிச்சிடுங்க. மேடம் சொல்றது சச், உண்மைதான். குனிஞ்சே தைக்கிறதுல முதுகு வலின்னு எங்க வீட்டுக்காரர்தான் சேத்துவிட்டார். ரூம்லயே ஷூ மாட்டுவேன், சர்பத் குடிப்பேன், ஷூ கழட்டுவேன், போயிடுவேன். தினமும் இன்னைக்கு என்ன தூக்குனேன்னு கேப்பார், வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். உங்ககிட்டயும் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன்...

— இதை இப்பச் சொல்லித்தான் தெரியணுமா? கால் மேல காலு போட்டுல்லா உக்காந்திருந்த. ஷூ அடியில அளவுச் சீட்டு ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, ஒரு பொட்டுத் தூசி இல்ல.

— அப்ப அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டீங்க?

— ஒத்தையாத் தூக்கிப் பழக்கமில்லன்னு சொன்னேன்லா மக்கா. நானும் பயந்தாங்கொள்ளி, நீயும் பயந்தாங்கொள்ளி, வா போவோம்னு கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பியா?