வேலிக்குள் ஒற்றைச் செடி

எங்கள் ரிங்லெட் பக்கம் விடியற்காலையில் காற்று இருக்காது. களைக்கு மருந்தடிக்க அதுதான் தோதான நேரம், சார். காற்றில் அடித்தால் தேயிலையும் சேர்ந்து கருகிவிடும். அப்புறம் மேனேஜரிடம் யார் பாட்டு வாங்குவது?

செடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூச்செடி புதராக நின்றது. நாங்கள் அதன்மேல் துணி காயப்போடுவோம். லைனை இடித்து ஹோட்டல் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில், ஆராய்ச்சிக்காரப் பெண் குமுதா வந்து அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதாள். இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதியாம். பூண்டோடு அழிந்துவிட்டதாக நினைத்திருந்தார்களாம். வேலி வந்தது. ஹோட்டல் நின்றது. தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

என் மனைவி எவலின் பிறந்ததே அந்த லைனில்தான். நெஞ்சு நோவுக்காரி. "இங்கேயே கண்ண மூடிரணுங்க" என்பாள். அந்தச் செடியை நான் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் குமுதா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சிரில் அங்கிள், நல்ல செய்தி லா. மேட்டுக்கு அந்தாண்ட ஓடையோரமா ஒரு கூட்டமே நிக்குது. கன்னுங்ககூட இருக்கு. இனி இந்த ஒண்ண நர்சரிக்குக் கொண்டு போயிட்டா, இங்க வேலியே வேணாம்."

"ரொம்ப சந்தோசம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். அங்கே போகும் வழியையும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் காற்றே இல்லை. நிதானமாக அடித்தேன். கன்றுகளுக்குக் குனிந்து அடிக்க வேண்டியிருந்தது, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

எல்லாம் கருகியதைப் பார்த்துவிட்டுக் குமுதா எங்கள் வீட்டில் வந்து சுருண்டு படுத்தாள். எவலின்தான் கஞ்சி ஊட்டினாள். "இதச் செஞ்ச கை வெளங்காமப் போவட்டும், ஏசப்பா" என்று சபித்தாள். நானும் ஆமென் சொன்னேன்.

பிறகு மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். பிடுங்கி நட்டால் செத்துவிடுமாம். தண்ணீர் ஊற்றும் என்னைத் தவிரப் பக்கத்தில் மனித நடமாட்டமே கூடாதாம். லைனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எவலின் லெம்பா பெர்த்தாமில், மகனின் வாடகை வீட்டில்தான் கண்ணை மூடினாள்.

அடித்தது நான்தான், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மழையே காணோம். என்னை உள்ளே வைத்துவிட்டால் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பாவம், என்னை விட்டால் அந்தச் செடிக்கு உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?