தயாரிப்பு எண் நான்கிற்குப் பெயர் வைத்த நாள்

16.11.2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.10 மணி
3. இரங்கல் உரை: அழகப்பன்

தலைமையேற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! துயரத்தோடு அமர்ந்திருக்கும் திருமதி நாகவல்லி அவர்களே! பெரிய மாலையோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் விநியோகஸ்தர் செம்மலை அவர்களே! காரைக்குடிப் பெருமக்களே! வணக்கம்.

‘கலைச்சுடர்’ சோணைமுத்து 3.11.2025 திங்கள் காலை 9.40க்கு மறைந்தார். பத்து மணி என்று அச்சிட்ட சுவரொட்டி தவறு.

எந்தப் பெரிய நிறுவனத்தின் நிழலிலும் ஒதுங்காமல், இருபத்தேழு ஆண்டுகளில் நான்கு படங்கள் எடுத்தார். நான்கே படங்களா என்பீர்கள். ஆம், நான்கே! கோட்டையூரில் பன்னிரண்டு நாள் மழையால் படப்பிடிப்பு நின்றபோதும் ஒரு தொழிலாளியைக்கூட வீட்டுக்கு அனுப்பாதவர் யார்? சோணைமுத்து! விளக்குத் தொழிலாளி சின்னக்கருப்புவின் தலைப்பெழுத்து தவறிவிட்டதென்று, வெளியீட்டுக்கு மூன்று நாள் இருக்கையில் பெயர்ப்பட்டியலையே மாற்ற வைத்தவர் யார்? சோணைமுத்து!

அவருடைய கடைசிப் படம் ‘ஈரச் சுண்ணாம்பு’ வரும் வெள்ளி, 21.11.2025 அன்று வெளியாகிறது. செக்காலைச் சாலை முழுக்கச் சுவரொட்டி. ‘தயாரிப்பு: செம்மலை’. சோணைமுத்துவின் பெயரைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். இல்லை!

12ஆம் தேதி செம்மலையிடமே கேட்டேன். ஒரு கடிதத்தைக் காட்டினார், நகலும் தந்தார். ‘ஈரச் சுண்ணாம்பு படத்தின் முழு உரிமையையும் செம்மலைக்கு அளிக்கிறேன்.’ தேதி 8.2.2023. கீழே சோணைமுத்துவின் கையெழுத்து.

“செத்தவுக கையெழுத்தையே சந்தேகப்படுறீகளாண்ணே?” என்றார்.

கையெழுத்து அவருடையதுதான். படப்பிடிப்பு அனுமதி கேட்பதற்காகக் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களை அவர் பலரிடம் கொடுத்துவைத்திருந்தார். அவர் அலுவலகக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் என்பதால் அதை நான் அறிவேன். என் சந்தேகம் தேதியில்.

முழுப் படத்தையும் போட்டுப் பார்க்காமல் சோணைமுத்து எதற்கும் பெயர் வைத்ததில்லை. கேட்டால், “பிள்ளை பொறக்கட்டும்ப்பா, மொகத்தப் பாத்துட்டுப் பேரு வைப்போம்” என்பார். அதுவரை அது வெறும் ‘தயாரிப்பு எண் நான்கு’. 19.9.2024 வியாழனன்றுதான் சென்னையில் படத்தைப் போட்டுப் பார்த்தோம். விளக்கு எரிந்ததும் மனைவி நாகவல்லியிடம் திரும்பி, “நீயே ஒரு பேரு சொல்லு” என்றார்.

“என்னையப் போயிக் கேக்குறீகளே! படம் பூரா ஈரச் சுண்ணாம்பு வாடைதேன் அடிக்கிது.”

“அதுதேன் பேரு!” என்று கைதட்டினார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

2024 செப்டம்பரில் பிறந்த பெயர், 2023 பிப்ரவரிக் கடிதத்துக்குள் எப்படி நுழைந்தது? பெருமக்களே, எப்படி நுழைந்தது? யார்மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. செம்மலை அவர்களே, தயவுசெய்து எழ வேண்டாம்; நீங்கள் இன்னும் மாலை போடவில்லை.

சோணைமுத்துவின் பெயர் இல்லாமல் அந்தப் படம் திரையேற விடமாட்டோம். நாளை 17.11.2025 காலை பத்தரை மணிக்கு நாகவல்லி அவர்களோடு நீதிமன்றம் செல்கிறோம். உடன் வருவோர் பத்து மணிக்கே வந்துவிடவும். இவ்வுரையின் படியைச் செம்மலை அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன்.

இணைப்பு:
1. 8.2.2023 தேதியிட்ட கடிதத்தின் நகல்.
2. ‘தயாரிப்பு எண் 4’ என்று எழுதிய கிளாப் பலகையின் புகைப்படம், 11.6.2024.
3. படப்பெயர் பதிவு விண்ணப்பம், 20.9.2024.
4. இவற்றைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை. செம்மலை அவர்கள் கையெழுத்திட வேண்டியது. தேதியை நானே எழுதிவிட்டேன்.