வண்டி லேட்

சீட்டாட்டத்தில் நான் கெட்டிக்காரன் இல்லை சார். எப்போதும் தோற்கிறவன் நான்தான். தோற்றுக்கொண்டே இருந்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போகமாட்டார், அது ஒரு வசதி.

இந்த ஸ்டேஷனில் மெயில் வண்டிக்கு எஞ்சின் ஆட்கள் மாறுவார்கள். விடியலில் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகலெல்லாம் இந்த ஓய்வறையில் தூங்கி, சாயங்கால வண்டியை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டு ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும். சமையல், காவல், எழுப்புவது எல்லாம் நான். 'நன்றாகத் தூங்கினார்' என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்வதும் நான்தான்.

யோசித்துப் பாருங்கள். தினமும் ஆட்கள் வருகிறார்கள். வந்ததும் குறட்டை. குறட்டையோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

மீசை டிரைவர் மட்டும் வேறு மாதிரி. வாயைத் திறந்தால் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகும். எஞ்சினுக்குக் கரி போடும் அவருடைய ஃபயர்மேன் இருக்கிறாரே, சாப்பிட்ட கையோடு அடுத்த அறையில் கட்டை மாதிரிக் கிடப்பார். இவர் கட்டிலில் சாயும்போதுதான் நான் போவேன்.

"அண்ணே, வண்டி நாலு மணி நேரம் லேட்டாம்."

அப்படி ஒன்றும் இருக்காது. லேட் என்றால் அப்புறம் தூங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து உட்காருவார், அதற்காகச் சொல்வது.

"லேட்டா? அப்ப சீட்டைக் கலைடா மாப்ளே. இன்னைக்கு உன் தோலை உரிக்கிறேன்."

அன்றும் அப்படித்தான். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல், அங்கேயும் கண்மூடவில்லை என்று ஆடிக்கொண்டே சொன்னார். நான் அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்தேன்.

"போதும்டா. கண்ணு எரியுது."

"ஜெயிச்சுட்டு எழுந்து ஓடுறீங்களே, இது நியாயமாண்ணே?"

"யாரு, நானா ஓடுறேன்? போடுறா சீட்டை."

ரோஷக்காரர். சாயங்காலம் வண்டி சரியான நேரத்துக்கு வந்து நின்றது.

"என்னடா, லேட்னியே?"

"விரட்டிப் பிடிச்சுட்டாங்க போலண்ணே."

சிரித்தபடி முகத்தைக் கழுவிக்கொண்டு போனார். மாஸ்டர் கேட்டார். "நல்லாத் தூங்கினாரு சார்" என்றேன்.

அன்று ராத்திரி கரியை அள்ளிப் போட்டுவிட்டுத் தான் நிமிர்ந்தபோது டிரைவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார் என்று பிழைத்த ஃபயர்மேன் சொல்கிறார். அதற்குள் சிவப்பு சிக்னலைத் தாண்டியாகிவிட்டது. முன்னால் நின்ற சரக்கு வண்டியில் போய் மோதியது. முதல் இரண்டு பெட்டிகளில் யாரும் மிஞ்சவில்லை.

ஓய்வு கொடுத்தும் தூங்காதது செத்துப்போன டிரைவர் குற்றம், அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அது தப்பு சார். தூங்கவிடாதவன் நான். மாஸ்டரிடம் பொய் சொன்னவனும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புது டிரைவர் காலையில் வந்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது, வந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார். பாவம், புது இடத்தில் தனியாக இருந்தால் அவருக்குப் பொழுதே போகாது. நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள் சார். வண்டி லேட் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.