கூரையில சிவப்பு வேணாம்

ஏணியை அங்க சாத்தாதீங்க தம்பி. இறக்குங்க. இறக்குங்கன்றேன்ல! உள்ள புள்ளைங்க தூங்குது. தாய்மாரெல்லாம் என்னை நம்பி விட்டுட்டு, காலையில ஃபெர்ரி ஏறி அக்கரை சாத்தாமுக்கு வேலைக்குப் போயிருக்காளுக. பாம்பூஃப்ளாட்டுல இத்தனை வீடு இருக்க, பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் கூரைக்குத்தான் வந்தீங்களா?

ஆமா, தெரியும். யுத்த ஒத்திகை. சைரன் ஊதுவீங்க, லைட்டை அணைக்கச் சொல்வீங்க. அணைக்கிறேன். மேஜைக்கு அடியில பூரச் சொல்வீங்க. பூர்றேன். அவசரம்னா இந்த வீடு மருத்துவ முகாமா இருக்கட்டும், அதையும் வேணாங்கல. ஆனா என் தகரத்துல செஞ்சிலுவை வரைய விடமாட்டேன். உங்க ஆபீசர் சாப்கிட்ட போய் அப்படியே சொல்லுங்க, கிழவி விடலன்னு.

என்னது? சிலுவையைப் பாத்தா பிளேன்காரன் குண்டு போடமாட்டானா? சட்டமா? அரே, நல்லா இருக்கே உங்க சட்டம்! இந்தத் தீவுலயே ஜப்பான்காரன் வந்து போட்டான். அப்புறம் அவனை வெரட்டுறேன்னு வெள்ளைக்காரன் வந்து போட்டான். கீழ ஊர்ச்சனம் இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாதா? இப்பவும்தான் டிவியில காட்டுறான், ஏதோ ஒரு ஊர்ல ஆஸ்பத்திரி இடிஞ்சு கெடக்கு. போட்டவன் குறி தப்பிருச்சுங்கறான். இல்லாட்டி, உள்ள எதிரி ஒளிஞ்சிருந்தாங்கறான். ஆமா, தெரிஞ்சுதான் போட்டேன்னு ஒருத்தனாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

சிரிக்காத. சோறூட்டுற கிழவிக்கு யுத்தத்தைப் பத்தி என்ன தெரியும்னுதானே பாக்குற? நான் இந்தத் தீவுல பொறந்தவ இல்ல. சிலோன்ல தேயிலைத் தோட்டத்தை விட்டு வெரட்டுனப்ப, பெரியப்பா குடும்பம் கப்பலேறி இந்தப் பக்கம் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்துச்சு. எங்கப்பா எங்களைக் கூட்டிக்கிட்டு வன்னிக்குப் போனாரு. சண்டையும் அங்கதான் வந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பெரியப்பா மகன் என்னை இங்க கூட்டியாந்தான். ஒத்தையா.

அந்தக் கடைசி வருசம், அடிபட்ட புள்ளைங்களை ஒரு கொட்டாயில படுக்க வச்சிருந்தோம். எம்மக ராஜகுமாரிதான் அதுகளுக்குக் கட்டுப் போடுவா. உன்னை மாதிரியே எல்லாரும் சொன்னாங்க, மேல ஒரு சிலுவை போட்டுருங்க, தொடமாட்டான்னு. பெயிண்டுக்கு எங்க போறது? அம்மா, உன் கல்யாணச் சேலை நல்ல சிவப்பாச்சேன்னா. குடுத்தேன். கிழிச்சு, அவங்கப்பா வேட்டி மேல வச்சு, விரல்ல ஊசி குத்தக் குத்தத் தச்சா. கூரையில விரிச்சுக் கட்டிட்டு இறங்கி வந்து, இனி பயமில்லம்மா, மேல இருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும்னா.

தெரிஞ்சுது. ரெண்டு கோடும் சேர்ற எடத்துலயே விழுந்துச்சு. இதுக்குப் பேரு குறி தப்புனதா? சொல்லு.

டப்பாவை மூடிட்டியா? போ. பெயிண்டையும் தூக்கிக்க, ஒரு சொட்டு என் வாசல்ல சிந்தக்கூடாது.

சேலையா? இல்ல, பூராவும் கிழிக்கல. முந்தானை மிச்சம் இருந்துச்சு. அதுலதான் அவளைச் சுத்தினோம். ஏணியைப் பாத்து எடு, தகரத்துல இடிச்சா புள்ளைங்க பயந்து முழிச்சிரும்.