பழைய வெர்ஷன் இருக்கும்வரை

பொம்மனஹள்ளி சிக்னலில் பஸ் நின்றுவிட்டால், வேண்டாம் என்றாலும் அடுத்தவர் கதை காதில் விழும். இன்று காலை முன் சீட்டில் ஒரே ஐ.டி. ஆபீஸுக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவர் சிரித்தபடி சொன்னார்:

“பழைய பைத்தான் புரோகிராம் இருக்கற வரைக்கும் என்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாதுடி.”

“ஏன்க்கா?”

“நம்ம சர்வர்ல பைத்தான் ரெண்டு வெர்ஷன் ஓடுதுல்ல? அட்டெண்டன்ஸ் ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் பழசுலதான் ஓடுது. அது என்னைத் தவிர யாருக்கும் புரியாது. வேணும்னேதான் புதுசுக்கு மாத்தாம வெச்சிருக்கேன்.”

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்னடி?”

“நீங்க லீவுல இருந்தப்ப நான் மாத்திட்டேன்க்கா. ஏஐ கிட்ட குடுத்தேன், மாத்திக் குடுத்துடுச்சு. பழசை சர்வர்லேர்ந்து எடுத்தாச்சு.”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“மேனேஜருக்குத் தெரியுமா?”

“மெயில் போட்டேன். எல்லாத்தையும் அக்காதான் முடிச்சாங்கன்னு எழுதினேன். அப்ரைசல்ல உங்களுக்கு உதவும்னு நெனச்சேன்க்கா.”

“அவர் என்ன சொன்னாரு?”

“இன்னிக்கு வந்ததும் உங்களைத் தனியா பாக்கணுமாம்.”