நண்டு தின்ற நாளில் போட்ட கையெழுத்து

என் பெயர் மார்லேனி தொமாலா யாகுவால். வயது 43. குவாயாகில் நகரம், அல்போராடா குடியிருப்பு, மூன்றாம் பகுதி, ஏழாம் எண் வீட்டில் மகள் அனாஹியுடன் வசிக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை.

தனியார் வங்கியொன்றின் ஏற்றுமதிப் பிரிவில் பதினாறு வருடமாகக் காகிதம் சரிபார்க்கிறேன். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருடைய வங்கி, பணம் தருவதாக எல்.சி. என்ற உறுதிக் கடிதம் கொடுக்கும். இங்கே ஏற்றுமதி செய்பவர் சரக்கு கப்பலேறியதற்கான காகிதங்களைக் கொண்டுவருவார். அவை எல்.சி.யில் சொன்னபடி இருந்தால், பணம் கொடுக்கலாம் என்று நான் எழுத வேண்டும். மூட்டையை நாங்கள் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்போம். என் கண்ணுக்குக் காற்புள்ளிகூடத் தப்பாது என்று பிரிவில் கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

வில்ஃப்ரிடோ மொரெய்ரா கொக்கோ ஏற்றுமதியாளர், எங்கள் வங்கியின் வாடிக்கையாளர். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அன்று முதல் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. என் கணவரின் சவப்பெட்டியை முன்னால் தாங்கியது அவர் தோள்தான். வாடிக்கையாளர்களில் இரத்த உறவோ மணவழி உறவோ உண்டா என்று வங்கி ஆண்டுதோறும் படிவம் தரும். அதில் 'இல்லை' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை, கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

கடந்த ஜூலை 25, நகரத்தின் பிறந்த நாள், விடுமுறை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொம்பாத்ரே இரண்டு கட்டு உயிர் நண்டோடு என் வீட்டுக்கு வந்தார். உடன், ஏற்றுமதிச் சரக்குக்குப் பூச்சி கொல்லும் புகைமருந்து அடிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் எலோய் பின்கேயும் வந்தார். பியரும் வாழைக்காயும் சேர்த்து நண்டை வேகவைத்தேன். மரச்சுத்தியால் ஓட்டை உடைத்துத் தின்றோம். மூன்று மணிக்குக் கொம்பாத்ரேயின் சுத்தி நண்டை விட்டுவிட்டு எலோயின் வலது கட்டைவிரலில் விழுந்தது. நான் பனிக்கட்டி வைத்துக் கட்டுப் போட்டேன்.

"செத்த நண்டும் பழி வாங்குது பாருய்யா" என்று கொம்பாத்ரே சிரித்தார். இருட்டும்வரை இருவரும் வீட்டைவிட்டு அசையவில்லை.

அதன்பின் ஆகஸ்ட் 4 காலை பத்தரை மணிக்குக் கொம்பாத்ரேயின் காகிதக்கட்டு என் மேசைக்கு வந்தது. எடை, மூட்டை எண்ணிக்கை, கப்பல் பெயர் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. கடைசியில் கன்டெய்னருக்குப் புகைமருந்து அடித்த சான்றிதழ். ஜூலை 25, பகல் ஒன்று முதல் ஐந்து மணி வரை துறைமுகக் கிடங்கில் நேரில் நின்று அடித்ததாக எலோயின் கையெழுத்து. வேறு யார் சரிபார்த்திருந்தாலும் இதில் தப்பே தெரிந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் எலோய் என் வீட்டில் நண்டு தின்றுகொண்டிருந்தார்.

சந்தேகம் வந்தால் விதிக்கண்காணிப்பு அதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும், வாடிக்கையாளரிடம் மூச்சு விடக்கூடாது. அதுதான் சட்டம். ஆண்டுதோறும் இதற்கான தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். ஆனால் கொம்பாத்ரேயைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது, முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பத்தே முக்காலுக்கு அவரைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"கொம்பாத்ரே, இருபத்தஞ்சாம் தேதி மத்தியானம் எலோய் எங்க இருந்தார்?"

"அட, டைப் அடிச்ச பொண்ணு தேதியைத் தப்பாப் போட்டிருப்பா. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறீங்களே கொமாத்ரே. வேற அனுப்புறேன். நண்டு தின்னதை மறந்துடுங்க."

பதினொன்றரைக்கு அதே சான்றிதழ் எண்ணோடு புதிய சான்றிதழ் வந்தது. தேதி ஜூலை 26. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கட்டுப் போட்ட கட்டைவிரலால் மறுநாளே அப்படி எழுத முடியாது. 'சரி' என்று நான் அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், விதிக்கண்காணிப்பு அதிகாரி ரூத் அவிலேசிடம் நண்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குப் போன் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஐயோ மார்லேனி, கதவைத் தொறந்து விட்டுட்டுத் திருடன் திருடன்னு கத்துறீங்களே!"

பணம் நிறுத்தப்பட்டது. அதன்பின் போலீசார் கொம்பாத்ரேயின் அலுவலகத்துக்குப் போனபோது மேசைகள் மட்டுமே இருந்தன. கன்டெய்னரைப் பனாமாவில் இறக்கித் திறந்ததில் கொக்கோத் தோலும் மணலும் இருந்தன. அவரைத் தப்பவிட்டதாகவும், அவரோடு கூட்டு என்றும் என்மேல் வழக்கு. போன் செய்தது குற்றம், ஒப்புக்கொள்கிறேன். கூட்டு என்பது பொய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தினமும் காலையில் என் மகள் அவருக்கு "ஆசீர்வாதம் குடுங்க ஞானப்பா" என்று செய்தி அனுப்புவாள். இப்போதும் அனுப்புகிறாள். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நான் அவளைத் தடுக்கவில்லை.

இந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். படிவத்தின் மேலே 'முதல் எதிரி வில்ஃப்ரிடோ மொரெய்ராவுடன் உறவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"ரத்த சொந்தம், கல்யாண சொந்தம், ரெண்டுதாங்க படிவத்துல கேக்குது மேடம்" என்றார்.

"பேங்க் படிவத்துலயும் இதே வார்த்தையை எழுதித்தான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். அடிச்சுட்டு எழுதுங்க" என்றேன்.

'இல்லை' என்பதை அடித்து, 'கொம்பாத்ரே' என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது. இப்போதுதான் இது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) மார்லேனி தொமாலா யாகுவால்